பெல்ட் கவரில் காய்ந்த வசவாசி

“என்ன அழகாகக் காயவைத்திருக்கிறீர்கள்!” என்று மில்லைப் பரிசோதிக்க வந்த மிஸ் சிங்களத்தில் சொன்னார். யாராவது பாராட்டினால் எனக்கு வாயெல்லாம் பல்லாகிவிடும். அன்றைக்கும் அப்படித்தான் சிரித்தேன்.

முற்றத்தில் நல்ல வெயில். சாதிக்காய்க் கொட்டையைச் சுற்றிச் சிவப்பாக ஒரு வலை இருக்குமே, அதைத்தான் நாங்கள் வசவாசி என்போம். உரித்த புதிதில் பளீரென்று சிவந்திருக்கும். வெயில் ஏற ஏறச் செம்மஞ்சளாகி, கிட்டப் போனாலே மூக்குக்குள் இனிப்பும் காரமும் கலந்து ஏறும். அதை ஒரு பெரிய கம்பிவலைத் தட்டில் பரப்பி, நான்கு பக்கமும் செங்கல் வைத்து உயர்த்தி, அடியிலும் காற்றுப் படும்படி காயவைத்திருந்தோம்.

மிஸ் குனிந்து ஒன்றை எடுத்து முகர்ந்தார். முகம் மலர்ந்தது. பிறகு வசவாசியை விட்டுவிட்டு, அது கிடந்த தட்டைப் பார்த்தார். கனத்த இரும்புச் சட்டம். நான்கு மூலையிலும் ஆணி முடுக்குகிற துளை. ஓரத்தில் உதிர்ந்துபோன மஞ்சள் பெயின்ட்.

“இது தட்டு இல்லையே?” என்றார்.

எனக்குப் பின்னால் நின்ற பதினொரு பெண்களும் ஒரே நேரத்தில் வாயை மூடினார்கள்.

அது தட்டு இல்லைதான். அரைக்கிற மெஷினின் பெல்ட்டையும் சக்கரத்தையும் மூடி நிற்க வேண்டிய கவர். அதைத் தூக்கிவந்து முற்றத்தில் போட்டு அதில் வசவாசியைப் பரப்பிய புத்திசாலி வேறு யாருமில்லை. இதை எழுதிக்கொண்டிருக்கும் நான்தான்.

கலியாண வீடு மாதிரி ஒரு துப்புரவு

மில்லைப் பற்றி எப்போது எழுதப் போகிறாய் என்று, அங்கே என்னோடு வேலை செய்த தெய்வானை வாரம் தவறாமல் போன் எடுத்துக் கேட்கிறாள். என் பள்ளிக்கூடத்தைப் பற்றி எழுதினேன், என் மாமியாரைப் பற்றி எழுதினேன், அவளைப் பற்றி மட்டும் எழுதவில்லையாம். இந்தா, வந்துவிட்டாய் தெய்வானை. இனியாவது என்னை நிம்மதியாகச் சோறாக்க விடு.

எங்கள் மில் மாத்தளையிலிருந்து இரத்தோட்டை போகிற வீதியில் இருக்கிறது. மிளகு, மல்லி, மஞ்சள், கறுவா, கராம்பு என்று வாசனைச் சரக்குகளைக் காயவைத்து, கல்லும் குச்சியும் பொறுக்கித் தெரிந்து, அரைத்துத் தூளாக்குவது வேலை. பெண்கள் எல்லாரும் மேலே தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளான லயங்களிலிருந்து காலை பஸ்ஸில் வருகிறவர்கள். நானும் அப்படி வந்து மிளகு தெரிந்தவள்தான். பிறகு சுப்பவைசர் ஆக்கினார்கள். மெஷின் ஓட்டுவது ராசு அண்ணன். முதலாளி டவுனில் கடை வைத்திருக்கிற ஒரு ஹாஜியார். நல்ல மனிதர், சத்தம்தான் கொஞ்சம் கூட. தினம் ஒரு தடவை வந்து எல்லாரையும் ஏசிவிட்டு, பிளேன்டீ குடித்துவிட்டுப் போவார்.

அரசாங்கத்திலிருந்து தொழிற்சாலைகளைப் பரிசோதிக்கிற அதிகாரி வருகிறார் என்று முதல் நாள் போன் வந்தது. அவ்வளவுதான், மில் கலியாண வீடு ஆகிவிட்டது. சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தோம். ஒட்டடை அடித்தோம். கக்கூசுக்குப் புதுச் சவர்க்காரம் வைத்தோம். தெய்வானை எங்கிருந்தோ ஒரு பிளாஸ்டிக் பூங்கொத்தைக் கொண்டுவந்து தராசுக்குப் பக்கத்தில் வைத்தாள். பெண் பார்க்க வருகிறவர்களுக்கு வீட்டைக் காட்டுகிற மாதிரி எல்லா மூலையையும் பார்த்துப் பார்த்துத் துடைத்தோம்.

பெல்ட் கவரின் நினைவு மட்டும் ஒருத்திக்கும் வரவில்லை. ஒளித்துவைக்கக்கூடத் தோன்றவில்லை. நீண்ட நாளாக அது வசவாசித் தட்டாகவே இருந்ததால், அது கவர் என்பதே எங்களுக்கு மறந்துபோயிருந்தது. அரசாங்கத்துக்குக் காட்டுவதற்காக அன்றைக்கென்று பார்த்து நல்ல வசவாசியாகப் பொறுக்கி அதில் பரப்பியவளும் நான்தான்.

சாமிக்கு முன்னால் முகத்தை மூடலாமா?

கவர் எப்படிக் கழன்றது என்பது தனிக் கதை.

வருஷா வருஷம் ஆயுத பூசைக்கு மில்லைக் கழுவி, மெஷினுக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்து, மாலை போட்டுப் பூசை செய்வோம். ஹாஜியார் அதற்கு ஒருநாளும் குறுக்கே நின்றதில்லை. பூசை முடியும்வரை வாசலில் கைகட்டி நின்று, சுண்டலை இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டுவிட்டுப் போவார்.

அந்த வருஷம் ராசு அண்ணன் மாலையோடு மெஷினுக்கு முன்னால் போய் அப்படியே நின்றுவிட்டார்.

“என்னாண்ணே, போடுங்க,” என்றேன்.

“எங்க போடுறது? சக்கரமெல்லாம் கூண்டுக்குள்ள இருக்கு. சாமிக்கு முன்னால மொகத்த மூடிக்கிட்டு நிக்கிற மாதிரி இல்ல?”

அவருக்கு மெஷின் பிள்ளை மாதிரி. பிள்ளைக்குப் பொட்டு வைக்காமல் பூசை செய்ய மனம் வரவில்லை. நான்கு ஆணிகளையும் கழற்றி, கவரை எடுத்துச் சுவரில் சாத்திவிட்டு, பெரிய சக்கரத்துக்கு நடுவில் பளிச்சென்று ஒரு பொட்டு வைத்தார். பார்க்க நன்றாகத்தான் இருந்தது. நான்கூட போனில் படம் எடுத்தேன்.

விடுமுறை முடிந்து வந்ததும் கவரை மாட்டியிருக்க வேண்டும். ஆணி இரண்டு காணாமல் போயிருந்தது. நாளைக்கு வாங்கலாம் என்றேன். அந்த நாளைக்குள் சாதிக்காய் வந்து இறங்கிவிட்டது. வசவாசியைப் பரப்ப இடம் தேடிக்கொண்டிருந்த என் கண்ணில் சுவரில் சாத்தியிருந்த கம்பிவலை பட்டது. பாய் மேல் போட்டால் அடிப்பக்கம் புழுங்கிக் கறுத்துவிடும், இதில் காற்று நன்றாகப் போகும் என்று கண்டுபிடித்து எனக்கு நானே முதுகில் தட்டிக்கொண்டேன்.

சடையைக் கடித்த தெய்வானை

இனி முற்றத்துக்கு வருவோம். மிஸ் எங்களை ஏசவில்லை. ஏசியிருந்தால் சமாளித்திருப்பேன், ஹாஜியாரிடம் வாங்கி வாங்கி எனக்குப் பழக்கம். அவர் நேரே உள்ளே போய் மெஷினுக்குப் பக்கத்தில் நின்றார். இருபத்தெட்டு வயதுகூட இருக்காது. தோளில் பை, கையில் டோர்ச். சுவரில் இருந்த புதுச் சுண்ணாம்பு அவர் கறுப்புச் சட்டையில் ஒட்டிக்கொண்டதை அவரும் கவனிக்கவில்லை, நாங்களும் சொல்லவில்லை.

மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. அதற்கும் சுவருக்கும் நடுவில் ஒரு ஆள் போகிற இடம். மிளகு மூட்டைகள் அந்தப் பக்கம் இருப்பதால் பெண்கள் அந்த வழியாகத்தான் போய்வருவார்கள். மிஸ் பார்த்துக்கொண்டிருக்கும்போதே தெய்வானை அந்தப் பக்கம் போனாள்.

தெய்வானையின் தலைமுடியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். இடுப்புக்குக் கீழே தொங்கும். பஸ்ஸில் அவள் உட்கார்ந்தால் பக்கத்து ஆள் அதன் மேல் உட்கார்ந்துவிடாமல் பார்க்க வேண்டும். பெல்ட்டுக்குப் பக்கத்தில் வந்ததும் அவள் சடையை முன்னால் இழுத்து, நுனியைப் பல்லால் கடித்துக்கொண்டு, வயிற்றை எக்கி, பக்கவாட்டில் நடந்து போனாள். அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்ததும் சடையை விட்டாள்.

அவளுக்குப் பின்னால் போன இன்னொருத்தியும் சடையைக் கடித்தாள். மூன்றாமவளுக்குக் கழுத்தளவுதான் முடி. அவள் துப்பட்டாவைக் கடித்தாள்.

“ஏன் இவர்கள் எல்லாரும் முடியைக் கடிக்கிறார்கள்?” என்று மிஸ் கேட்டார்.

“பெல்ட்டில் மாட்டாமல் இருக்க, மிஸ்.”

“யார் சொல்லிக்கொடுத்தது?”

நான்தான் சொல்லிக்கொடுத்தேன். புதிதாக வருகிற ஒவ்வொருத்திக்கும் முதல் நாள் காட்டிக்கொடுப்பேன். நல்ல சுப்பவைசர் என்று அதில் பெருமை வேறு. கவர் இல்லாத குறையைப் பதினொரு பெண்களின் பல்லால் அடைத்து வைத்திருக்கிறேன் என்பது அந்தக் கேள்வி வந்த பிறகுதான் எனக்கு உறைத்தது. வெட்கமாக இருந்தது.

நாங்கள் சின்னப் பிள்ளைகளாக இருந்தபோது எங்கள் லயத்தில் ஒரு மாமா இருந்தார். அவருக்கு ஒரு கையில் மூன்று விரல். தோட்டத்துத் தேயிலை பெக்டரியில் வேலை செய்தவர். விரல் எங்கே என்று கேட்டால் ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு கதை சொல்லிச் சிரிக்க வைப்பார். புலி கடித்தது என்பார், வட்டமாக வெட்டிப் பகோடா சுட்டேன் என்பார். பெரியவர்கள் மட்டும், “கவனமில்லாம கைய விட்டாரு,” என்று ஒரே வரியில் முடிப்பார்கள். மெஷின் மூடியிருந்ததா என்று யாரும் கேட்டதாக எனக்கு நினைவில்லை. கவனம் என்ற ஒரே சொல்லை வைத்துக்கொண்டுதான் நாங்கள் எல்லா வேலையும் செய்துவந்தோம்.

மில் தானாக ஓடுகிறதா?

ராசு அண்ணன் மெஷினை நிறுத்தினார். மிஸ் புத்தகத்தை விரித்தார்.

“இந்த இடத்தை நடத்துகிறவர் யார்?”

நான் ஹாஜியாருக்கு போன் எடுத்து ஸ்பீக்கரில் போட்டேன். மகளின் கலியாண வேலையில் அலைந்துகொண்டிருந்தவர் சிங்களத்தில் ஒரே மூச்சில், மில் எல்லாம் பரமுவின் பொறுப்பு, தான் சும்மா வந்து பார்த்துவிட்டுப் போகிற ஆள் என்றார். அன்றுவரை எனக்கு அப்படி ஒரு பதவி இருப்பது எனக்கே தெரியாது. முதலாளி சொல்வதைச் செய்கிறவள் மட்டும்தான் நான் என்றேன். ராசு அண்ணன் யாரும் கேட்காமலே முன்னால் வந்து, தான் சுவிட்ச் போடுகிறவன் மட்டும்தான் என்றார்.

மிஸ் எங்கள் மூன்று பேரையும் (ஒருவர் போனுக்குள்) மாறி மாறிப் பார்த்தார். “அப்படியென்றால் இந்த மில் தானாகவே ஓடுகிறதா?” என்றார். தெய்வானைதான் முதலில் சிரித்தாள். பிறகு எல்லாரும் சிரித்துவிட்டோம். போனுக்குள்ளும் சிரிப்புச் சத்தம் கேட்டது.

சிரிப்பு அடங்கியதும் அவர் நிதானமாகச் சொன்னார். நான் கேட்டதை எனக்கு விளங்கிய மாதிரி எழுதுகிறேன். வேலைத்தலத்தை யார் தன் கையில் வைத்திருக்கிறாரோ, அங்கே வேலை செய்கிறவர்களுக்கு ஆபத்து வராமல் பார்ப்பது அவருடைய சட்டப்படியான கடமை. சொந்தக்காரருக்கு அது உண்டு. அவருக்காக அன்றாடம் அந்த இடத்தை நடத்துகிறவர் தன்னால் முடிந்ததைச் செய்யாமல் கைகழுவ முடியாது. சுற்றுகிற பெல்ட்டையும் சக்கரத்தையும் மூடித்தான் ஓட்ட வேண்டும். கவனமாக இரு என்று சொல்லிவிட்டேனே என்பது கவருக்குப் பதிலாகாது.

“கவரை மாட்டும்வரை மெஷினை ஓட்டக் கூடாது. மெயின் சுவிட்சை நிறுத்திப் பூட்டுங்கள். சாவி ஒருவரிடம்தான் இருக்க வேண்டும். யாரிடம்?”

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். தாளில் பொறுப்பாளர் என்ற இடத்தில் கையெழுத்துப் போடச் சொன்னார். அதுவரை எத்தனையோ தாளில் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். எல்லாம் தொழிலாளி என்ற கோட்டுக்கு மேலேதான். அந்தச் சொல்லை இன்னொரு தடவை பார்த்தேன். பயமும்தான், சந்தோஷமும்தான், எது கூட என்று சொல்லத் தெரியவில்லை. பரமேஸ்வரி என்று முழுப் பெயரையும் தமிழில் எழுதினேன்.

போயா வந்து நின்றது

மிஸ் போனதும் வசவாசியைக் கொட்டிவிட்டு, கவரைத் தூக்கிப்போய் மாட்டப் பார்த்தோம். மாட்டவில்லை. சட்டம் நடுவில் வளைந்திருந்தது. பிளேன்டீ நேரத்தில் அதன் ஓரத்தில் ஏறி உட்காருவது இரண்டு மூன்று பேருக்குப் பழக்கம். யார் யார் என்று நான் எழுதப் போவதில்லை. தெய்வானை, கோபித்துக்கொள்ளாதே.

இரத்தோட்டை வெல்டிங் கடைக்கு அனுப்பினோம். சட்டத்தை நிமிர்த்தி, உடைந்த இடத்தை ஒட்டித் தர ஒரு நாள் வேண்டும். மறுநாள் போயா, பௌர்ணமி விடுமுறை, கடை பூட்டு. அதற்கு அடுத்த நாள் பின்னேரம் வாருங்கள் என்றுவிட்டார்கள்.

அந்த அடுத்த நாள்தான் ஹாஜியார் மகளின் கலியாணம். கலியாணச் சாப்பாட்டுக்கு வேண்டிய மல்லி, சீரகம், மிளகு, கறுவா, ஏலம் எல்லாம் வறுத்து ஆறவைத்து எங்கள் மில்லில் மூட்டையாக நின்றது. போயா அன்று காலையில் அரைத்து, பின்னேரத்துக்குள் சமையல்காரரிடம் கொடுக்க வேண்டும் என்பது ஏற்பாடு. தன் மகள் கலியாணத்துப் புரியாணி தன் மில் தூளில்தான் என்று ஹாஜியார் மாத்தளை முழுக்கச் சொல்லியிருந்தார்.

போயா அன்று காலை நானும் ராசு அண்ணனும் நான்கைந்து பெண்களும் மில்லில் நின்றோம்.

“ஒரு மணித்தியாலம் ஓட்டுனா முடிஞ்சிரும் பரமு,” என்றார் ராசு அண்ணன். “நம்ம மொதலாளி மக கலியாணம். இன்னிக்கி மிஸ்ஸும் வர மாட்டாங்க.”

எனக்கும் ஆசைதான். அந்தப் பிள்ளையைத் தொட்டிலில் பார்த்தவள் நான். அவள் கலியாணம் என்னால் கெட்டது என்று பெயர் வாங்க யாருக்கு மனம் வரும்? சாவியை இடுப்பில் தடவிப் பார்த்தேன். பூட்டு என் வீட்டு ட்ரங்குப் பெட்டியின் பூட்டு. அதைக் கழற்ற எவ்வளவு நேரம் ஆகும்? அந்த நேரம் பார்த்துத் தெய்வானை ஒரு மூட்டையை நகர்த்த மெஷின் பக்கம் போனாள். மெஷின் செத்துக் கிடக்கிறது. அப்படியும் சடையைக் கடித்துக்கொண்டுதான் போனாள்.

“வேணாண்ணே,” என்றேன். “வேற மில்லு பாருங்க.”

டவுனில் நமக்குத் தெரிந்த மில்லெல்லாம் போயாவுக்குப் பூட்டு. போன் எடுத்த இடத்தில் ஓடிக்கொண்டிருந்தது ஒன்றே ஒன்றுதான். பல்லேபொலையில் ஜமால் நானாவின் மில். (நானா என்றால் அவர்கள் பேச்சில் அண்ணன்.)

ராசு அண்ணன் தலையில் கைவைத்தார். காரணம் இருந்தது. எங்கள் மிளகாய்த் தூளில் அரிசி மாவு இருக்கிறது என்று ஜமால் நானா ஒரு காலத்தில் யாரிடமோ சொன்னாராம். அன்றிலிருந்து ஹாஜியார் அவரோடு பேசுவதில்லை. மையத்து வீட்டில், சாவுக்குப் போன இடத்தில் கண்டால்கூட ஸலாத்தோடு சரி.

“வேற வழி இல்லண்ணே, ஏத்துங்க,” என்றேன். மூட்டைகளோடு ராசு அண்ணனை த்ரீவீலில் ஏற்றி அனுப்பிவிட்டு, ஹாஜியாருக்கு போன் எடுத்தேன். அவர் எடுக்கவில்லை. சொல்லாமல் செய்யவில்லை என்று என் மனத்துக்குச் சொல்லிக்கொண்டேன்.

புதுச் சால்வை

ஒரு மணித்தியாலம் கழித்து ஹாஜியாரே வந்து இறங்கினார். மாப்பிள்ளை வீட்டார் கொடுத்த புதுச் சால்வை கழுத்தில். கிடைத்த நாளிலிருந்து அதை அவர் கழற்றவில்லை என்று கேள்வி.

“தூள் எங்க?”

சொன்னேன். முதலில் அவருக்கு விளங்கவில்லை. விளங்கியதும் அந்தச் சத்தத்தில் கூரையில் இருந்த காகம் பறந்தது.

“என்ட மகள்ட கலியாணத்துக்கு அவன்ட மில்லிலயா தூள் அரைக்கிற? நாளைக்கு அவன் ஊர் பூரா என்ன சொல்லுவான், தெரியுமா ஒனக்கு? ராசுவ திருப்பிக் கூப்பிடு! சாவியத் தா, நானே ஓட்டுறன்!”

“கவர் இல்லைங்களே மொதலாளி.”

“நான் சொல்றன், ஓட்டு. என்ன நடந்தாலும் நான் பொறுப்பு.”

“நீங்கதாங்க பொறுப்பு. அதனாலதான் ஓட்ட வேணாங்கிறேன். ஒருத்தி கை போனா, அந்தப் பொறுப்ப வச்சிக்கிட்டு அவ என்னாங்க செய்வா?”

எப்படிச் சொன்னேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அத்தனை வருஷத்தில் அவரிடம் நான் மாட்டேன் என்று சொன்னது அதுதான் முதல் தடவை. வேலை போய்விட்டது என்றே நினைத்தேன்.

“இந்த பெல்ட்டா ஆளக் கடிக்கப் போற?” என்றபடி மெஷினுக்குப் பக்கத்தில் போனார். “பாரு, எவ்வளவு மெதுவாப் போற,” என்று குனிந்து இரண்டு கையாலும் பெல்ட்டைப் பிடித்து இழுத்துக் காட்டினார்.

பெரிய சக்கரம் அரைச் சுற்றுச் சுற்றியது. அவர் சொன்னது சரிதான், மெதுவாகத்தான் போனது. போகிற போக்கில் புதுச் சால்வையின் தொங்கலையும் மெதுவாக உள்ளே எடுத்துக்கொண்டது. கனமான சக்கரம், பிடித்தாலும் உடனே நிற்காது. அவர் கையை விடுவதற்குள் சால்வை இறுகி, கழுத்து கீழே போய், தாடி சக்கரத்தில் முட்டி நின்றது.

நாங்கள் ஓடிப்போய்ச் சுற்றி நின்றோம்.

“பரமு.” அவ்வளவு சின்னக் குரல் அவரிடம் இருப்பது எனக்குத் தெரியாது.

“சொல்லுங்க மொதலாளி.”

“மெயின் சுவிட்ச்?”

“ஆஃப்லதாங்க இருக்கு.”

“பூட்டு?”

“பூட்டியிருக்குங்க.”

“சாவி?”

“என் இடுப்புல.”

“அல்ஹம்துலில்லாஹ்,” என்று கண்ணை மூடிக்கொண்டார்.

தெய்வானையும் நானும் சக்கரத்தைப் பின்பக்கமாகத் தள்ளிச் சால்வையை விடுவித்தோம். அவர் நிமிர்ந்தார். கழுத்தில் சிவப்பாக ஒரு கோடு, தாடியில் கறுப்புக் கிறீஸ், சால்வையின் பாதி கந்தல். சிரிக்கக் கூடாது என்று நான் உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தேன். பின்னால் ஒருத்தி மூக்கால் சிரித்துவிட்டாள். ஹாஜியார் திரும்பிப் பார்த்தார். சால்வையைத் தூக்கிப் பார்த்தார். பிறகு அவரே வயிறு குலுங்கச் சிரிக்கத் தொடங்கினார். அப்புறம் எங்களை யாரும் பிடித்து நிறுத்த முடியவில்லை. உயிரோடு சிரிப்பது எவ்வளவு நல்ல விஷயம் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

மூட்டையில் உட்கார்ந்து பிளேன்டீ குடித்தார். தேத்தண்ணி சட்டையில் சிந்தியதைக்கூடக் கவனிக்கவில்லை. நெடுநேரம் மெஷினையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு போனை எடுத்து, எவ்வளவோ காலமாகப் பேசாத ஜமால் நானாவைக் கூப்பிட்டு, ஸலாம் சொன்னார். கிறீஸ் கையால் எதையோ அமத்தியதில் போன் ஸ்பீக்கரில் போய்விட்டது.

“எங்கட சரக்கு வந்து ஈக்கா?”

“வந்தீக்கு நானா. அரைக்கத்தான் போற.”

“அரைக்க முன்னால ஒண்ணு கேக்கணும். ஒங்கட பெல்ட்டுக்குக் கவர் ஈக்கா?”

எனக்குச் சுருக்கென்றது. ராசு அண்ணனையும் மூட்டைகளையும் அந்த மில்லுக்கு அனுப்பிய நான் அந்தக் கேள்வியைக் கேட்கவே இல்லை. என் மில்லின் கையை மட்டும் காப்பாற்றினால் போதும் என்றிருந்திருக்கிறேன்.

“ஈக்கு, ஈக்கு,” என்றது போன். “போன மாசம் ஒரு மிஸ் வந்து, போடவெச்சிட்டுத்தான் போன.”

“அட, அப்ப எனக்கு ஒரு வார்த்த சொல்ல ஏலாதா?”

“நீங்கதான் என்னோட பேசுறல்லயே நானா.”

ஹாஜியார் தாடியைத் தடவினார். கிறீஸ் இன்னும் பரவியது.

“நாளைக்குக் கலியாணத்துக்கு வாங்க,” என்றார். “பொண்டாட்டி புள்ளைகளையும் கூட்டிட்டு வாங்க. ஒங்கட தூள்தான் புரியாணிக்கு. நல்லா இல்லாட்டி அங்கயே சொல்லுவன்.”

போனுக்குள் ஒருவர் சிரித்தார். இங்கே ஒருவர் கண்ணைத் துடைத்தார். பின்னேரம் ராசு அண்ணன் தூளோடு வந்து சேர்ந்தார். கலியாணத்தில் நாங்கள் பதின்மூன்று பேரும் வயிறு முட்டச் சாப்பிட்டோம். மறுநாள் காலையில் கவரை மாட்டி, நான்கு ஆணியையும் நானே முடுக்கினேன். அடுத்த ஆயுத பூசைக்குக் கவரின் மேலேயே ராசு அண்ணன் பொட்டு வைத்தார். முகம் கொஞ்சம் சுருங்கித்தான் இருந்தது.

ஆனால் அந்தப் போயா அன்று ஹாஜியார் போகும்போது சொன்னதை இன்னும் எழுதவில்லை. த்ரீவீலில் ஏறப் போனவர் திரும்பி வந்தார். கந்தல் சால்வையை மடித்துக் கக்கத்தில் வைத்திருந்தார்.

“பரமு, அந்தச் சாவி.”

இடுப்பிலிருந்து எடுத்து நீட்டினேன். அவர் வாங்கவில்லை. என் விரல்களை மடக்கச் சொல்லிக் கையைக் காட்டினார்.

“நான் கேட்டாலும் குடுக்காத.”

அதற்குப் பிறகு, பழுது பார்க்க மெஷினைப் பூட்டிய நாட்களில், அவசரம் என்று இரண்டு தடவை கேட்டிருக்கிறார். கொடுக்கவில்லை.